ம்ம்காரரும் இரண்டு மச்சாள்மாரும்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. மிச்சம் இரண்டும் எப்படி வந்தன என்று கேட்காதீர்கள். கடற்கரையில் பிள்ளைகள் சோறு மணக்கிற வீட்டுக்கு வரும், பிறகு போகாது. எட்டுப் பேரும் ஆளாகிவிட்டார்கள். ஆகவே பேட்டி என்று ஒன்று எடுப்பதானால் என்னைத்தான் எடுக்க வேண்டும். உலகம் அப்படி இல்லை. நடிகர்மாரையும் பாட்டுக்காரரையும் கிரிக்கெட் அடிக்கிறவர்களையும் பிடித்து வைத்துத்தான் பேட்டி எடுக்கிறார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் பெயரை எழுதுவேன். பஸ்சின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அதற்குள் பஸ் போய்விடும். இதை நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். என் கதையை அவள் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள். செய்யட்டும், படித்த பிள்ளை. ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

கல்பிட்டிக் கரையில், ஆலங்குடாவுக்குப் பக்கத்தில், மீனைக் கருவாடாக்குகிற ஒரு வாடியில் நானும் மச்சாளும் வேலை செய்கிறோம். மச்சாள் என்றால் என் புருசனின் தங்கை. என்னைவிட ஒரு வயது இளையவள். அதை ஊர் முழுக்கச் சொல்லுவாள். நான் கலியாணம் முடித்து வந்த காலம் தொட்டு மீனைக் கீறுவது நான், உப்பு வைப்பது அவள். கட்டா, பாரை போன்ற பெரிய மீனை முதுகால் கீறி விரித்துக் குடலை எடுத்துக் கழுவி, சீமெந்துத் தொட்டிக்குள் நான் அடுக்குவேன். ஒவ்வொரு அடுக்குக்கும் அவள் கல்லுப்புத் தூவுவாள். கடைசி அடுக்குக்கும் தூவி முடித்ததும் “உப்புச் சரி” என்று சத்தமாகச் சொல்லுவாள். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் நான் சாக்கைப் போட்டுத் தொட்டியை மூடுவேன். எங்கள் வாடியில் அதுதான் முறை. யார் வீட்டில் யார் செத்தாலும் முதலில் “உப்புச் சரி”, பிறகுதான் ஒப்பாரி.

இந்த வாடிக்குள் பேட்டிக்காரரைக் கொண்டுவந்தவள் என் மருமகள். பொட்காஸ்ட் என்றாள். படம் இல்லை, கதை மட்டும். செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு புதுக் கதை வரும். கொரோனாவுக்கு எவ்வளவோ முன்னரே தொடங்கியது, இன்னும் முடியவில்லை. போனில் சத்தம் காணாது என்று அதை ஒரு வெறும் அலுமினியச் சட்டிக்குள் வைப்பாள். சட்டிக்குள்ளிருந்து அந்த மனிதர் கிணற்றுக்குள் விழுந்தவரைப் போலக் கதைப்பார். மீன் கீறக் கீறக் கேட்போம். மீனில் மொய்க்கிற இலையான்களும் கேட்கும்.

அவருக்கு ஒரு பழக்கம். பேட்டிக்கு வந்தவர் கதைக்கும்போது இவர் “ம்... ம்...” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு நடிகை தன் தகப்பன் செத்த கதையைச் சொல்கிறாள், இவர் “ம்... ம்...” என்கிறார், வைத்தியர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பதைப் போல. அதனால் எங்களுக்கு அவர் ம்ம்காரர். உண்மையான பெயர் மருமகளுக்குத் தெரியும், எங்களுக்குத் தேவைப்படவில்லை.

ம்ம்காரரைப் பற்றி வாடியில் ஆளுக்கொரு அபிப்பிராயம். மருமகளுக்கு அவருடைய குரல் தேன். பள்ளிவாசல்துறையிலிருந்து நெத்தலி தரம் பிரிக்க வருகிற ராத்தாவுக்கு அவர் ஒரு தொந்தரவு.

“அல்லாஹ்வே, இந்த மனுசன் வாய மூடினா அந்த மனுசி கதைக்கும்தானே. கேள்விய இவரே கேட்டு, பதிலயும் இவரே சொல்றாரு. பொறகு என்னத்துக்கு அவங்கள வரச் சொன்ன?”

மச்சாளுக்கு அவர் வானத்திலிருந்து இறங்கிய சம்மனசு. வருகிற எல்லாரிடமும் “அம்மா இருக்கிறாவா? சுகமா?” என்று முதலில் கேட்பாராம், அப்படிக் கேட்கிற பிள்ளை கெட்ட பிள்ளையாக இருக்க முடியாதாம். மச்சாளின் கடைசி மகன் கேட்பதில்லை, அதுதான் விசயம்.

என் அபிப்பிராயத்தை நான் ஒளித்து வைக்கவில்லை. ஒரு பாட்டுக்காரரைக் கூப்பிட்டு முழுப் பொழுதும் கதை கேட்டு, கடைசியில் ஒரு அடி பாடச் சொல்லி, அதையும் நடுவில் நிறுத்தி “அற்புதம்” என்று சொன்னால் அது மீனை வாங்காமல் மணந்து பார்த்துவிட்டுப் போவதுதான். வருகிற நடிகர்மாரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் சின்ன வயதில் ஒரே ஒரு சேட்டுத்தான் இருந்திருக்கிறது.

“அந்தக் காலத்தில சேட்டுத் தைக்கிற ஆளே இல்லையாக்கும்” என்றேன் ஒரு நாள்.

“உனக்கு ஏழைகள்ல இரக்கமில்ல மச்சாள்” என்றாள் மச்சாள்.

“நான்தானடி ஏழை. என்னில இரங்கு.”

இப்படிக் கதைத்துக்கொண்டு எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் போயின. சண்டைக்கு வித்திட்டது ம்ம்காரரின் கடைசிக் கேள்வி. ஒவ்வொரு பேட்டியின் முடிவிலும் அதைக் கேட்பார். “நீங்கள் கதைக்காமல் விட்ட ஒருவர் யார்? இப்போதே அவருக்கு ஒரு அழைப்பு எடுப்போமா?” பின்னால் வயலின் அழும். வந்தவரும் அழுவார். போன் அடிக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு அண்ணனோ பழைய கூட்டாளியோ திடுக்கிட்டு எடுப்பார். உலகமே கேட்டுக்கொண்டிருக்கும்போது யார்தான் “போடா, உன்னோடு கதையில்லை” என்று சொல்வார்? எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள். மச்சாள் உப்புக் கையால் கண்ணைத் துடைத்து, கண் எரிந்து, இன்னும் அழுவாள்.

அன்றைக்கு வந்தவள் பழைய நடிகை ஒருத்தி. தன் தமக்கைக்குப் போன் எடுக்க மாட்டேன் என்றாள். இவர் விடவில்லை. கெஞ்சினார், ம்ம் என்றார், வயலினை விட்டார். அவள் மாட்டேன் என்றால் மாட்டேன். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது.

“கெட்டிக்காரி. நல்லாச் சொன்னாள்” என்றேன்.

“அவர் நல்லதுக்குத்தானே சேத்து வைக்கப் பாக்கிறார்?” என்றாள் மச்சாள்.

“என்ன நல்லது? பெண்சாதி விட்டுட்டுப் போன ஆம்பிளைக்குத்தான் ஊர்ச் சண்டை தீர்க்க நேரம் கிடக்கும்.”

ம்ம்காரரின் மனைவி அவரை விட்டுப் போனதை அவரே முன்பு ஒரு பேட்டியில் சொல்லி அழுதிருந்தார். அதைத்தான் நான் சொன்னேன். ஆனால் மச்சாளின் மூத்த மகனின் பெண்சாதியும் இத்தாலிக்கு வேலைக்குப் போனவள், முதலில் போன் எடுப்பதை நிறுத்தி, பிறகு வருவதையும் நிறுத்திவிட்டாள். அந்தப் பிள்ளை கடற்றொழிலாளர் சங்கத்தில் இருக்கிறான். வலைச் சண்டை, வள்ளச் சண்டை, வேலிச் சண்டை எல்லாவற்றுக்கும் நடுவில் போய் நின்று சமாதானம் பேசுகிறவன் அவன்தான். நான் கல்லை எறிந்தது கொழும்பில் இருக்கிற ம்ம்காரருக்கு. விழுந்தது மச்சாள் வீட்டு ஓட்டில்.

மச்சாள் கையிலிருந்த உப்பை உப்புச் சட்டியில் கொட்டிவிட்டு எழுந்தாள். அதோடு எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று ராத்தா சொல்லித் திரிந்தாள். நான் யோசித்துத்தான் சொன்னேன், ம்ம்காரரை யோசித்து.

கதையில்லாமல் இருந்தாலும் வேலை இருக்கிறதே. வாடியில் ஒரு காது கிழிந்த பூனை உண்டு. எங்கள் கரையில் கோபக்காரர்கள் நாய்க்கோ கோழிக்கோ சொல்வதைப் போல மற்றவருக்குச் சொல்வது வழக்கம். எங்களுக்குப் பூனை வாய்த்தது.

“பூனையே, கத்தி மழுங்கிக் கிடக்கு, மீனெல்லாம் பிய்யுதெண்டு ஆருக்கும் தெரியாதாக்கும்” என்பாள் அவள்.

“பூனையே, கத்தி நல்லாத்தான் கிடக்கு. கண்ணாடி போட வேண்டிய ஆக்கள் போடோணும்.”

“உப்புச் சரியாம் பூனை.”

நான் தொட்டியை மூடுவேன். இப்படியே ஓடியது. பூனை கொழுத்தது.

மாதா கோவிலிலும் அதே கதைதான். பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் முன்பென்றால் பக்கத்தில் நிற்பவருக்குக் கை கொடுக்க வேண்டும். கோபக்காரர் முன்கூட்டியே வேறு வேறு வாங்குகளில் போய் இருந்துகொள்வார்கள். கொரோனாவுக்குப் பிறகு கை கொடுப்பது நின்று, கும்பிடுவது வந்தது. அது பெரிய வசதி. நான் பொதுவாகக் கூரையைப் பார்த்துக் கும்பிட்டேன். மச்சாள் மாதா சுரூபத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பூசை வைத்த சுவாமியார் இரண்டையும் பார்த்துவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார்.

பிறகு அந்த நாள் வந்தது. காற்றுக் காலம். வெள்ளைக்காரர் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடல் மேல் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கட்டா நிறைய வந்திருந்தது. கடைசிக் கூடையைக் கீறித் தொட்டியில் அடுக்கிவிட்டு நான் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் மச்சாள் வெறும் உப்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறாள். சட்டி வெறுமை என்றால் உப்பு மீனில் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். கேட்பதற்குப் பூனையைத் தேடினேன். பூனை இல்லை. வெள்ளைக்காரர் தங்குகிற கபானாப் பக்கம் தின்னப் போய்விட்டது. நான் சாக்கைப் போட்டு மூடினேன்.

மச்சாளின் பக்கத்துக் கதை வேறு. உப்பு முடிந்துவிட்டது, புதுச் சாக்கு உப்பைப் பிரிக்க வேண்டும் என்று சொல்ல அவளும் பூனைக்காகத்தான் காத்திருந்தாளாம். நான் வந்து மூடியதைப் பார்த்து, வேறு எங்கோ உப்பு எடுத்து நானே வைத்துவிட்டேன் என்று நினைத்து வீட்டுக்குப் போனாளாம்.

அடுத்த நாள் காலையில் சாக்கைத் தூக்கினோம். ராத்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடல் வரைக்கும் ஓடினாள். உப்புப் படாத மேல் அடுக்கு அழுகி, கீழ் அடுக்குகளையும் கெடுத்திருந்தது. யாருடைய பிழை என்று கேட்டால், பூனையுடைய பிழை.

வாடியின் சொந்தக்காரரான சம்மாட்டி வந்தார். என் கடைசி மகனின் வயதிருக்கும். எங்களைச் சத்தம் போட அவருக்குப் பயம், அதனால் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் பொல்லாதது.

“பெரியம்மா, இதுக்கு மேல ரெண்டு பேரையும் ஒரு தொட்டியில வைக்க ஏலாது. சின்னம்மா திங்கக்கிழமைல இருந்து எத்தாளையில கிடக்கிற மற்ற வாடிக்குப் போகட்டும். இஞ்ச உப்புக்கு வேற ஆளப் போடுறன்.”

“ஓம் தம்பி” என்றாள் மச்சாள். என்னைப் பார்க்கவில்லை.

“ஓம் தம்பி” என்றேன் நானும்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணியை ஊற்றிக் குடிக்காமல் வைத்திருந்தேன். வேறு ஆள் உப்பு வைக்க நான் மீன் கீறுவதா? என் புருசன் கடலோடு போன ஆண்டில், செத்த வீட்டு ஆட்கள் எல்லாரும் கலைந்த பிறகும் என்னோடு பாயில் படுத்துக் கிடந்தவள் அவள். அவனுக்குத் தங்கை அவள். அழ வேண்டியவளும் அவள்தான். அழாமல் எனக்குத் தலை வாரிவிட்டாள். அவள் எத்தாளைக்குப் போனால் நான் வாயை எங்கே கொண்டுபோய்த் திறப்பது? திங்கட்கிழமைக்கு முன்னர் ஒரு சொல் பேசினால் சம்மாட்டி மனம் மாறக்கூடும். அந்தச் சொல்லை நான்தான் முதலில் பேச வேண்டும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது?

ஆகவே நான் ம்ம்காரரோடு கோபித்தேன். அந்தக் கிழமையில்தான் அவர், நிகழ்ச்சி தொடங்கிக் கனகாலம் ஆகிவிட்டது, கேட்கிற எல்லாரும் தங்கள் அபிப்பிராயத்தை வொய்ஸ் போடுங்கள் என்று கேட்டிருந்தார். போனைப் பிடி என்று மருமகளிடம் சொன்னேன்.

“தம்பி, நான் கல்பிட்டிக் கரையில இருந்து கதைக்கிறன். உங்கட குரல் நல்ல குரல். ஆனா உங்கட கதையால எங்கட வாடியில கட்டா அழுகிப்போச்சு. எனக்கும் என்ட மச்சாளுக்கும் கதையுமில்ல. மத்தவங்கட சண்டையத் தீர்க்கிறன் தீர்க்கிறன் எண்டு நிண்டு, இல்லாத சண்டைய உண்டாக்கி வச்சிருக்கிறீங்க. அவ்வளவுதான்.”

சனிக்கிழமை போன் வந்தது. நாங்கள் வாடியில். மச்சாளுக்கு இங்கே கடைசி நாள். சட்டிக்குள் இருந்த போனில் ஒரு பெட்டைக் குரல், “அம்மா, லைன்ல இருங்கோ, அண்ணா கதைப்பார்” என்றது. பிறகு அவரே.

“வணக்கம் அம்மா! உங்கள் குரலைக் கேட்டு நான் அப்படியே உறைந்துவிட்டேன்.”

“ஏன், ஐஸ் பெட்டிக்குள்ளயா இருக்கிறீங்க?”

சிரித்தார். இந்திய நடிகர் வந்தால் இந்தியத் தமிழ், யாழ்ப்பாணத்தார் வந்தால் யாழ்ப்பாணத் தமிழ் என்று கதைக்கிறவர் எங்களுக்கு என்ன தமிழ் வைத்திருக்கிறார் என்று பார்த்தேன். செவிடருக்குக் கதைக்கிற தமிழ். ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக.

“அம்மா, பின்னால் என்ன ஒரே இரைச்சல்?”

“காத்து. அதுக்கு வாய் பொத்த ஏலாது.”

“ம்... ம்... உங்கள் மச்சாளுக்கு இப்போதே ஒரு அழைப்பு எடுப்போமா?”

“அழைப்பு என்னத்துக்கு? நான் கால நீட்டினா அவவில முட்டும்.”

“ஆ! பக்கத்திலேயே இருக்கிறாவா? அவவுடைய முகத்தைப் பார்த்து என்ன சொல்ல ஆசைப்படுகிறீர்கள்?”

“முதுகக் காட்டிக்கொண்டு இருக்கிறா. முதுகுக்கு என்னத்தச் சொல்ல?”

ராத்தா நெத்தலிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். போனை மச்சாளிடம் கொடுக்கச் சொன்னார். மருமகள் சட்டியோடு தூக்கிப்போய் அவளுக்கு முன்னால் வைத்தாள். மச்சாள் கையைச் சீலையில் துடைத்து, அவருக்குத் தெரியும் போலத் தலைமயிரை ஒதுக்கி, பெண் பார்க்க வந்த வீட்டில் கதைக்கிற குரலில் “வணக்கம் தம்பி” என்றாள்.

“அம்மா, உங்கள் மகனுடைய குடும்பம் பிரிந்த வலியைப் பற்றி எங்கள் நேயர்களுக்குக் கொஞ்சம் சொல்ல முடியுமா? மருமகள் இத்தாலியில்தானே? அவவுக்கும் ஒரு அழைப்பு எடுத்துப் பார்ப்போமா?”

நான் மருமகளைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். முந்தின நாள் அந்தப் பெட்டை போன் எடுத்து அவளைத் துருவியபோது எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். மச்சாளின் முகம் அந்தக் கட்டாவைப் போல வெளிறிப்போனது. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். போனிலோ “ம்... ம்...” என்று வந்துகொண்டிருந்தது.

கத்தியைப் போட்டுவிட்டு நான் போய்ச் சட்டிக்குள் குனிந்தேன்.

“டேய் தம்பி! அந்தப் பிள்ள எங்கட பிள்ள. ஊர்ச் சண்டையெல்லாம் தீர்த்து வைக்கிற பொன்னான பிள்ள. காசு வாங்காமத் தீர்க்கிறவன், வயலின் வாசிக்காமத் தீர்க்கிறவன். அவன்ட கதை உனக்கு மீன் குடல் எண்டு நினைச்சியா, காகம் மாதிரிக் கொத்துறதுக்கு?”

“அம்மா, நான் நல்ல நோக்கத்தோடுதான்...”

அப்போது என் முழங்கையில் உப்புக் கை ஒன்று பட்டது.

“விடு மச்சாள். நீ பிழையாச் சொல்லுவாய். நான் சொல்லுறன்.”

பிறகு அவள் சொன்னாள். அதையெல்லாம் எழுத வேண்டாம் என்று பேத்தி சொல்கிறாள். நாற்பது ஐம்பது ஆண்டுகளாக அவளுக்குப் பக்கத்தில் இருந்தும் அந்தச் சொற்களில் சிலவற்றை நான் கேட்டதே இல்லை. முடிவில், “உன்ட அம்மா இருக்கிறாவா? இருந்தா அவவுக்குப் போன் எடு!” என்று சொல்லி, போனை அணைக்கத் தெரியாமல் சட்டியைக் கவிழ்த்தாள். சட்டிக்கு அடியில் ம்ம்காரர் கொஞ்ச நேரம் ம்ம் என்றார், பிறகு நின்றுவிட்டார்.

நான் கத்தியை எடுத்து மிச்ச மீனைக் கீறினேன். அவள் சட்டியில் உப்பு அள்ளி வந்தாள். அடுக்கினேன். தூவினாள். பூனை அங்கேதான் இருந்தது, ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

“உப்புச் சரி மச்சாள்” என்றாள்.

மூடினேன்.

திங்கட்கிழமை எத்தாளைக்கு ஆள் ஏற்ற லான்ட்மாஸ்டர் வண்டி வந்தது. மச்சாள் ஏறவில்லை. சம்மாட்டி வந்து கேட்டார்.

“ஏன் சின்னம்மா, போகல்லையா?”

“கால் நோகுது தம்பி. ஏற ஏலாது.”

அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவளுடைய கால்களைப் பார்த்தார். இரண்டு காலாலும் ஊன்றி நின்று உப்புச் சாக்கை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“கால் நோகுதெண்டா இஞ்சயே நில்லுங்க” என்று சொல்லிப் போய்விட்டார். நல்ல வளர்ப்பு.

செவ்வாய்க்கிழமை பேட்டி வந்தது. நேயர்களின் அபிப்பிராயம். வெளிநாட்டில் இருந்து ஒருத்தி, இவருடைய குரல் மருந்து என்றாள். ஒருவர் தினமும் வாகனம் ஓட்டும்போது கேட்கிறாராம். பிறகு நான். “தம்பி, நான் கல்பிட்டிக் கரையில இருந்து கதைக்கிறன். உங்கட குரல் நல்ல குரல்.” அதோடு வெட்டிவிட்டார். அதற்குப் பிறகு மச்சாள், “வணக்கம் தம்பி.” அதோடு வெட்டு. வயலின் அழுதது. “கதைக்காமல் இருந்த இரண்டு மீனவத் தாய்மாரை நமது நிகழ்ச்சி சேர்த்து வைத்தது” என்று ம்ம்காரர் தழுதழுத்தார்.

“இவனா சேத்து வச்சவன்?” என்றாள் மச்சாள்.

“பொய்யன்” என்றேன்.

“ஆனா குரல் நல்லம் மச்சாள்.”

“உன்ட காதில உப்பு.”

இப்போதும் கேட்கிறோம். போன கிழமை வந்த நடிகருக்கும் ஒரே ஒரு சேட்டுத்தானாம்.

சரி பேத்தி, எழுதினது போதும். மச்சாளும் வந்து கதிரையில் இருக்கிறா, பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவளைப் போல. முதலில் இருந்து வாசி, கேட்பம். சத்தமா வாசி, அவவுக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். பெண்சாதி விட்டுட்டுப் போன இடம் வரும்போது மட்டும் நிறுத்தி, “ம்ம்காரர்ட பெண்சாதி” எண்டு தெளிவாச் சொல்லிப்போட்டு வாசி.